'தாக்கும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், 'உடல் செல்களைக் குறிவைத்துத் தாக்கும் புதுவகைத் தடுப்பூசி' என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு வந்திருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு மருமகள் அந்தப் பக்கத்தை நான்காக மடித்துக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். தோளில் மூன்று மாதம் முடிந்த குழந்தை. "பெரியம்மா, புதன்கிழமை பாப்பாவுக்குப் போடப்போவது இந்த ஊசிதானா? செல்லைத் தாக்குமாமே. இந்தத் தடவை போகவே வேண்டாம் என்கிறார் அவர்" என்றாள்.

இது அந்த ஊசி இல்லை, அதில் பெரும்பகுதி இன்னும் ஆய்வுக்கூடத்து வாசலைத் தாண்டவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவள் முகம் தெளியவில்லை. தெளியாத முகத்தோடு திரும்பிப் போகும் தாய் புதன்கிழமை வரமாட்டாள் என்பது என் முப்பத்தாறு வருட அனுபவம். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். வெட்டாமல் போடுங்கள் என்று கேட்கவில்லை. வெட்டுவதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

நான் 1986இல் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து 2022இல் ஓய்வுபெற்றேன். திண்டுக்கல் மாவட்டத்து மலையடிவாரக் கிராமங்களில் தோளில் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு நடந்தவள். நான்கு பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே குப்பிகளை அடுக்கிய அந்தப் பெட்டியின் பட்டை உரசி என் இடது தோளில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு சொல் என்ன செய்யும் என்பதை 2017 பிப்ரவரியில் கண்ணால் பார்த்தேன். தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் அது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வதந்தி சுற்றியது. பள்ளி வாசலில் பெற்றோர் வரிசையாக நின்று பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். முகாமின் கடைசி நாளைத் தள்ளிவைக்க வேண்டிவந்தது. அது யாரோ பெயர் தெரியாதவர் எழுதியது. இது உங்கள் பெயரில் வருகிறது.

செய்தியின் உள்ளே இருந்தது பெரும்பாலும் சரி. உடலின் காவல் செல்களில் குறிப்பிட்ட ஒருவகையைத் தேடிப்போய், கிருமியின் அடையாளத்தை அதன் கையில் மட்டும் ஒப்படைக்கும் தடுப்பூசிகளை வடிவமைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் செல்லை யாரும் தாக்குவதில்லை. வாத்தியாரிடம் பாடப்புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 'வாத்தியார் மீது தாக்குதல்' என்று தலைப்பிடுவீர்களா? செய்திக்குள் இருந்த இன்னொரு சொல் 'முதன்முறையாக'. எனக்குக் கோபம் வந்தது இதைப் பார்த்துத்தான். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் பல வருடமாக இருப்பதை 'முதன்முறையாக' என்று எழுதினால், அதைப் போட்டுக் கை காய்த்தவளுக்குக் கோபம் வராதா?

மூன்றாம் வீட்டுப் பாப்பாவையே எடுத்துக்கொள்கிறேன். அவளுக்குப் பதினான்காவது வாரம். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். அன்று அவளுக்கு வாயில் போலியோ சொட்டு, வாயிலேயே வயிற்றுப்போக்குக்கான ரோட்டா மருந்து, இடது தொடையில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான ஊசி, வலது தொடையில் நிமோனியாவுக்கான பிசிவி, வலது மேற்கையில் தோலுக்குள் இன்னொரு போலியோ ஊசி. ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் வாய், தசை, தோல் என்று மூன்று வழி. பார்க்கிறவர்களுக்கு, குத்த இடம் கிடைக்காமல் ஆளுக்கொரு பக்கம் குத்துவது போலத் தெரியும். அப்படி இல்லை. எல்லாவற்றையும் செல்லைக் கணக்குப் பார்த்துத்தான் வகுத்தார்கள் என்று நான் அளக்கமாட்டேன். சிலவற்றை முதலில் கை கண்டுபிடித்தது, காரணத்தை அறிவியல் பின்னால் வந்து சொன்னது. ஆனால் ஒவ்வொரு வழியிலும் மருந்து வேறு வேறு செல்லிடம் போய்ச் சேர்கிறது என்பது இன்று தெரிந்த விஷயம்.

தோலில் போடும் அந்தப் போலியோ ஊசியைக் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். அளவு 0.1 மில்லி. முழு அளவான அரை மில்லியில் ஐந்தில் ஒரு பங்குதான். 2016இல் உலகம் முழுவதும் இந்த ஊசிமருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது நமக்கு இந்த முறை வந்தது. குழந்தையின் கையைத் தாய் மடியோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். நான் என் இடது கைக் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிப்பேன். ஊசியின் துளை மேல்நோக்கி இருக்கும்படி, தோலோடு கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் நுனியை மட்டும் நுழைப்பேன். அழுத்தும்போது உள்ளே இருந்து ஒரு எதிர்ப்பு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சரியாகப் போனால் பயறு அளவுக்கு வெளுத்த கொப்புளம் ஒன்று எழும்பும். அதன் மேல் ஆரஞ்சுத் தோலில் தெரிவது போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். முப்பது வருடம் காசநோய்க்கான பிசிஜி ஊசியைத் தோலுக்குள் போட்டுப் பழகிய கைக்கு அது கஷ்டமில்லை. புதிதாக வந்த பெண்களுக்கு அந்தக் கொப்புளம் எழும்பும் வரை மூச்சே வராது.

ஐந்தில் ஒரு பங்கு மருந்து எப்படிப் போதும் என்று பயிற்சியில் ஒருத்தி கேட்டாள். பதில் அந்தத் தோலில் இருக்கிறது. 1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் மனிதத் தோலுக்குத் தங்க உப்பால் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, கிளைகிளையாக விரிந்த செல்களைக் கண்டார். நரம்புச் செல்கள் என்று நினைத்தார். அவை நரம்பு அல்ல, ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர்கள் என்று தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அவற்றின் உறவுக்காரச் செல்லை 1973இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் என்ற இருவரும் எலியின் மண்ணீரலில் கண்டு, மரம் போலக் கிளைத்திருப்பதால் டென்ட்ரிடிக் செல் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் கிளைச் செல் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

இந்தக் கிளைச் செல்லின் வேலை சண்டை போடுவது அல்ல. வந்த பொருளை விழுங்கி, துண்டு துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மேலே ஏந்திக்கொண்டு பக்கத்து நெறிக்கு நடந்துபோவது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே நெறிதான். கொரோனா ஊசி போட்ட சிலருக்கு அக்குளில் நெறி கட்டிப் பயந்து ஓடிவந்ததும் இதனால்தான். தடுப்பூசியின் பாடம் நடப்பது குத்திய இடத்தில் இல்லை, அந்த நெறிக்குள்தான். அங்கே டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கும்; அவற்றுக்கு இந்தத் துண்டைக் காட்டி, 'இதைத் தெரிந்தவன் யார்?' என்று கேட்பதுதான் கிளைச் செல்லின் உத்தியோகம். தோலில் இந்தச் செல்கள் அடர்ந்து கிடக்கின்றன. தசையில் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே தோலில் போட்டால் குறைந்த மருந்தும் கேட்க வேண்டியவர் காதில் விழுந்துவிடுகிறது. நாய்க்கடிக்கு இன்று இரண்டு கைகளிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் போடுவதும் இதே கணக்குத்தான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று அந்தக் காலத்தில் பிள்ளைகளை மிரட்டுவார்களே, அங்கிருந்து இங்கே வந்திருக்கிறோம்.

சரி, கையில் தோலுக்குள் போலியோ ஊசி போட்டாயிற்று, பிறகு வாயில் சொட்டு எதற்கு என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். போலியோ வைரஸ் குடியிருப்பது குடலில். ஊசி தனியாக இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் கொடுத்துக் காலை முடமாகாமல் காக்கும். ஆனால் குடலில் காவல் போடாது. சொட்டுதான் குடலோரச் செல்களிடம் போய்ச் சேரும். ஆனால் நம் பக்கத்துக் குழந்தைகளுக்குச் சொட்டு எதிர்பார்த்த அளவுக்குப் பிடிக்கவில்லை என்பதை 1970களிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் எடுத்துச் சொன்னார். அதே வேலூரில், ஏற்கெனவே பலமுறை சொட்டு குடித்திருந்த ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் 450 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2014இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு ஒரே ஒரு போலியோ ஊசி. பிறகு எல்லோருக்கும் சொட்டு கொடுத்து, மலத்தில் வைரஸ் வெளியேறுகிறதா என்று பார்த்தார்கள். ஊசி போட்டவர்களிடம் முதல் வகை வைரஸ் வெளியேறுவது 38 சதவீதமும், மூன்றாம் வகை 70 சதவீதமும் குறைந்திருந்தது. தசையில் போட்ட ஊசி குடலில் வேலை செய்திருக்கிறது! சொட்டு மருந்தால் குடல் முன்பே பாடம் படித்திருந்தது. ஊசி அந்தப் பழைய மாணவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது, அவ்வளவுதான். எந்தச் செல்லுக்கு முதலில், எந்தச் செல்லுக்கு அடுத்து என்ற வரிசையும் ஒரு வடிவமைப்புத்தான். இது நம் வேலூரில், நம் பிள்ளைகளிடம் தெரிந்த சங்கதி. உங்கள் செய்தியில் கடல் கடந்த ஆய்வுகள் மட்டும்தான் இருந்தன.

இடது தொடை ஊசிக்கு வருகிறேன். பென்டாவேலன்ட் ஊசி இந்தியாவில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும்தான், 2011 டிசம்பரில். "ஐந்து நோய்க்கு ஒரே ஊசியா? பிள்ளை தாங்குமா?" என்று கேட்ட எத்தனையோ தாய்மார்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த ஐந்தில் ஒன்று ஹிப் என்ற கிருமிக்கானது. சிறு குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் கொண்டுவருகிற கிருமி. என் பணியின் தொடக்கக் காலத்தில் ஒரு கிராமத்தில் பத்து மாதக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தது. பிழைத்த பிறகு காது கேட்கவில்லை. எந்தக் கிருமி என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வசதியும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இன்று திருமணம் ஆகிவிட்டது. கடைவீதியில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஹிப் கிருமி தன்மேல் ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையையே மருந்தாக்கி 1985இல் அமெரிக்காவில் தடுப்பூசி கொண்டுவந்தார்கள். பெரிய குழந்தைகளுக்கு வேலை செய்தது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடல் வெறும் சர்க்கரையை லட்சியமே செய்யவில்லை. ஆனால் நோய் அதிகம் வருவது அந்த இரண்டு வயதுக்குள்தான். காரணம் இது: எதிர்ப்பொருளைத் தயாரிப்பது பி செல். அது சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழு வேகத்தில் வேலையைத் தொடங்க, துணை டி செல்லின் ஒப்புதல் வேண்டும். மனு கையில் இருக்கிறது, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து இல்லை என்றால் தாலுகா அலுவலகத்தில் என்ன நடக்குமோ அதுதான் இங்கும். டி செல்லுக்குப் புரதத் துண்டுதான் கண்ணில் படும், சர்க்கரை படாது.

அப்போது என்ன செய்தார்கள்? சர்க்கரையைப் புரதத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுப்பது நம் வழக்கம். இங்கே தலைகீழாக, சர்க்கரையைக் கொடுப்பதற்குப் புரதம். நம் பென்டாவேலன்ட் ஊசியில் அந்தப் புரதம், நஞ்சு நீக்கிய டெட்டனஸ் புரதம். பி செல் சர்க்கரையைப் பிடித்து விழுங்கும்போது கட்டியிருக்கும் புரதமும் உள்ளே போகிறது. அதன் துண்டை பி செல் வெளியே நீட்டுகிறது. துணை டி செல் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறது. மூன்று மாதக் குழந்தைக்கும் எதிர்ப்பு சக்தி வந்துவிடுகிறது. இப்படிச் சர்க்கரையைப் புரதத்தோடு கட்டினால் உடல் கவனிக்கும் என்று ஏவரி, கோபெல் என்ற இருவர் 1929இலேயே காட்டிவிட்டார்கள். அதுவும் அதே ராக்பெல்லர் நிறுவனம்தான். தடுப்பூசியாகக் கைக்கு வர 1987 ஆயிற்று. வலது தொடையில் போடும் பிசிவியும் இதே கட்டுமானம். குறிப்பிட்ட ஒரு செல்லின் உதவியை வாங்குவதற்கென்றே வடிவமைத்த தடுப்பூசி வேண்டுமா ஆசிரியரே? எங்கள் ஊரில் புதன்கிழமைதோறும் இலவசமாகப் போடுகிறார்கள்.

அப்படியானால் புதிது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. என் மகள் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிறு இரவு அவளை ஃபோனில் பிடித்து ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டேன். நாங்கள் தோலில் போட்டது, கிளைச் செல்கள் நிறைய இருக்கும் தெருவில் கடிதத்தைப் போட்டது மாதிரி. புதிய முறையில் கடிதத்திலேயே கதவு எண் இருக்கிறது. கிளைச் செல்லின் மேற்பரப்பில் டெக்-205 என்று ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் மட்டும் மாட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, அதன் வாலில் கிருமியின் புரதத்தைக் கட்டி அனுப்பினால் நேராக அங்கே போய்ச் சேரும். ஸ்டைன்மன் குழு 2001, 2002 வாக்கில் எலிகளில் இதைச் செய்து பார்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. விலாசம் சரி, கடிதமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் எதிர்ப்பு சக்தி வரவில்லை. முதலில் பெருகிய டி செல்கள் பிறகு காணாமல் போயின. அதன்பின் அதே புரதத்தை வழக்கமான முறையில் ஊசியாகப் போட்டாலும் உடல் கண்டுகொள்ளவில்லை. 'இவன் நம் ஆள், விட்டுவிடு' என்று பாடம் நடந்து முடிந்திருந்தது. கூடவே கிளைச் செல்லை உசுப்புகிற இன்னொரு பொருளையும் கொடுத்தபோதுதான் பலமான எதிர்ப்பு எழுந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியத்தை விட நிம்மதிதான் வந்தது. ஏனென்றால் அந்த 'உசுப்புகிற பொருள்' என் பழைய சிநேகிதி. பென்டாவேலன்ட் குப்பியை எடுத்தவுடன் குலுக்கச் சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே அலுமினிய உப்பு கலங்கல் இருக்கிறது. 1926 முதல் தடுப்பூசிகளில் சேர்க்கிறார்கள். எப்படி வேலை செய்கிறது என்று வெகுகாலம் யாருக்கும் சரியாகத் தெரியாது. மருந்து ஒருமுறை உறைந்துவிட்டால் அந்தக் கலங்கலின் கட்டு உடைந்துவிடும். சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய குப்பியையும் சந்தேகக் குப்பியையும் இரண்டு கையிலும் பிடித்துக் குலுக்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உறைந்த குப்பியில் வண்டல் மளமளவென்று அடியில் இறங்கும். நல்ல குப்பி மேகம் போல நிதானமாகக் கலங்கி நிற்கும். ஒரு கோடை காலத்தில் குளிர்பெட்டி கோளாறாகி, ஒரு தட்டு முழுக்க இப்படிக் குலுக்கிப் பார்த்துத் தூக்கி எறிந்தோம். எதை எறிகிறேன் என்று அன்று எனக்குப் பாதிதான் தெரியும். கடிதத்தோடு போக வேண்டிய அபாயமணியும் அந்தக் கலங்கலில்தான் இருந்தது.

இந்த மணியையும் இப்போது ஆள் பார்த்து அடிக்கிறார்கள். 2021இல் நான் வரிசையில் நிறுத்திப் போட்ட கொரோனா ஊசியான கோவேக்சினில் வெறும் அலுமினிய உப்பு மட்டும் இல்லை. வைரஸ் நுழைந்தால் அடிக்கும் ஒரு மணியை அடிக்கிற சிறு மூலக்கூறு ஒன்றை அதன்மேல் ஒட்டவைத்திருந்தார்கள். எந்தவகை எதிர்ப்பு எழ வேண்டும் என்று முன்கூட்டியே வளைத்துவிடும் வேலை அது. நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் உடம்பில் போயிருக்கிறது. நீங்களும் போட்டிருப்பீர்கள்.

ஸ்டைன்மன் கதையை உங்கள் வாசகர்களுக்கு யாராவது முழுதாக எழுத வேண்டும். அவருக்குக் கணையப் புற்றுநோய் வந்தது. தன் கிளைச் செல்களையே பயன்படுத்தித் தயாரித்த சோதனைத் தடுப்பூசிகளைத் தனக்கே போட்டுக்கொண்டார். நான்கரை வருடம் இருந்தார். 2011 செப்டம்பர் 30 அன்று இறந்தார். அது தெரியாமலே அக்டோபர் 3 அன்று அவருக்கு நோபல் பரிசை அறிவித்தார்கள். இறந்தவருக்குக் கொடுப்பதில்லை என்பது விதி. தெரியாமல் கொடுத்ததால் பரிசு நிற்கும் என்று பிறகு முடிவு செய்தார்கள். அந்த ஊசியால்தான் அத்தனை நாள் இருந்தாரா என்று ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது. இதை மட்டும் யாரும் அதிசய சிகிச்சை என்று எழுதிவிடாதீர்கள். 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு புராஸ்டேட் புற்றுநோய்த் தடுப்பூசியும் இந்த வழியில் வந்ததுதான். நோயாளியின் செல்களை எடுத்து, வெளியே பயிற்சி கொடுத்து, திரும்ப ஏற்ற வேண்டும். ஆயுள் சராசரியாக நான்கு மாதம் கூடியது. அன்றைய விலை 93,000 டாலர். இது என் தோள்பெட்டிக்குள் அடங்கும் சமாசாரம் இல்லை.

ஆனால் அந்த 'விட்டுவிடு' பாடம் இருக்கிறதே, அதில்தான் என் மனம் சுற்றுகிறது. என் தங்கை பேத்திக்கு எட்டு வயதிலிருந்து இன்சுலின் ஊசி. அவள் உடல் காவலர்கள் சொந்தக் கணையத்தையே எதிரி என்று நினைத்துக்கொண்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹப்பல் குழு 2023இல் வெளியிட்ட எலி ஆய்வில், உடல் தவறாகத் தாக்கும் புரதத்தின்மேல் ஒரு சர்க்கரைக் குறியை ஒட்டி, கல்லீரலுக்குப் போகும்படி அனுப்பினார்கள். கல்லீரலுக்குப் பொறுத்துப்போகச் சொல்லித் தருவது இயல்பான வேலை. நரம்புறையைத் தின்னும் நோய்க்கு ஒப்பான நிலை எலிகளில் அடங்கியது. அதாவது இந்தத் துறையில் பாதி வேலை, தாக்குவதை நிறுத்தக் கற்றுக்கொடுப்பது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'தாக்கும்' தடுப்பூசி. பேத்தியிடம் இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எலிக்கு வந்தது மனிதருக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்பது எனக்குத் தெரியாதா?

எச்ஐவிக்கு, லட்சக்கணக்கான பி செல்களில் ஒன்றாகக் கிடக்கும் அபூர்வ வகையைத் தேடி எழுப்பும் முயற்சியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 2022இல் வெளியான முதல் சோதனையில் மருந்து பெற்ற 36 பேரில் 35 பேருக்கு அந்தச் செல் எழுந்தது உண்மை. எழுந்தது, அவ்வளவுதான், நோயைத் தடுக்கும் நிலைக்கு அந்தச் செல்லைப் படிப்படியாக வளர்த்தெடுக்க இன்னும் பல ஊசிகள் வேண்டும். பின்னர் எம்ஆர்என்ஏ வடிவில், அதாவது புரதத்துக்குப் பதில் அதைத் தயாரிக்கும் குறிப்பை உடலுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் சிலருக்குத் தோல் தடிப்பு வந்தது. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். தாய்மாரிடம் காய்ச்சல் வரும், தொடை வீங்கும் என்று முன்பே சொல்லிவிட்டுப் போட்டால்தான் அடுத்த தவணைக்கு வருவார்கள். வாசகர்களும் அப்படித்தான்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு செங்கல்பட்டைச் சொல்லாமல் விட முடியாது. 1968இல் அந்த மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரை வைத்து உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. (குழந்தைகளின் மூளையைப் பிடிக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது. அதனால் பிறந்தவுடன் போட்டே ஆக வேண்டும். இந்த அடைப்புக்குறியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.) நான் ஆயிரக்கணக்கான கைகளில் அந்தத் தழும்பை வைத்தவள், அந்த முடிவைக் கேட்டபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. 2020இல் குரங்குகளில் அதே பிசிஜியைத் தோலில் போடாமல் இரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது குரங்குகளுக்குக் காசநோயிலிருந்து நல்ல பாதுகாப்பு; அதே அளவு மருந்தைத் தோலில் போட்டவற்றுக்கு அப்படி இல்லை. நுரையீரலுக்குள்ளேயே டி செல்கள் குடியேறியிருந்தன. மருந்து மாறவில்லை, அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது மாறியது. குழந்தைகளுக்கு இரத்தக்குழாயில் பிசிஜி ஏற்ற முடியாது, யாரும் முயலவும் கூடாது. ஆனால் இந்தியாவில் காசநோய்க்குப் புதுத் தடுப்பூசி தேடும் ஒவ்வொருவரும் செங்கல்பட்டையும் இந்தக் குரங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கிழவியின் அபிப்பிராயம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி இந்த விஷயத்தை எழுதும்போது 'குறிவைத்துத் தாக்கும்' வேண்டாம். 'செல்லைத் தேடிப்போய்ச் சேதி சொல்லும்' என்று எழுதுங்கள். எழுத்து கூடினால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். திருத்தத்தை ஏழாம் பக்கத்து மூலையில் போடாமல் அதே அறிவியல் பக்கத்தில் போடுங்கள். அதோடு, இப்போது அரசு போடும் ஊசிகள் செய்தியில் வந்த அந்தச் சோதனை ஊசிகள் அல்ல என்று ஒரு வரி.

இந்தக் கடிதத்தைச் செவ்வாய் இரவு எழுதி வைத்திருந்தேன். புதன்கிழமை காலை ஒன்பதரை வரை மூன்றாம் வீட்டுக் கதவு திறக்கவில்லை. நானே போய்க் கூப்பிட்டேன். குழந்தையின் தகப்பன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் பேப்பர் பக்கத்தில்தான் கிடந்தது. முக்கால் மணி நேரம் பேசினேன், சர்க்கரை, கையெழுத்து எல்லாம். கடைசியில் "நீங்கள் கூட வருகிறீர்களா?" என்று கேட்டார். போனேன். இரண்டு தொடை, ஒரு கை, வாயில் இரண்டு மருந்து. தோல் ஊசி போட்ட பெண் புதியவள். கொப்புளம் அழகாக எழும்பியது. அந்த வரிசையில் வழக்கமாக வரும் இன்னும் இரண்டு பேரைக் காணவில்லை. அவர்கள் எந்தப் பேப்பர் வாங்குகிறார்கள் என்று நாளைக்குப் போய் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நத்தம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.